குருதி மூலக்கூறுகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் உயிரி உணரிகள்

குருதியில் உள்ள ஒரு குறிப்பிட்ட மூலக்கூறின் அளவை, ஒவ்வொரு முறையும் குருதி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பாமல், உடலில் பொருத்தப்பட்ட நிலையிலேயே இடைவிடாமல் அளந்து காட்டும் கருவி தொடர் கண்காணிப்பு உயிரி உணரி எனப்படுகிறது. இவ்வகையில் இன்று பொதுமக்கள் பரவலாகப் பயன்படுத்துவது குளுக்கோசு உணரி. நீரிழிவு உள்ளவர்களின் மேற்கையின் பின்புறத்தில் பெரிய நாணயம் போல ஒட்டப்பட்டிருக்கும் வில்லை அதுதான். லாக்டேட்டு, மருந்துகள் போன்ற பிற மூலக்கூறுகளுக்கான உணரிகள் பெரும்பாலும் ஆய்வு நிலையில் உள்ளன.

இவ்வுணரிகள் எவ்வாறு வேலை செய்கின்றன, எங்கே தவறுகின்றன, எந்த மூலக்கூறுக்கு இவை தேவை, எதற்குத் தேவையில்லை என்பவற்றைத் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு முறை சோதனையும் தொடர் கண்காணிப்பும்

ஒரு வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உள்ளது. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் குருதியில் 100 மில்லிகிராம் குளுக்கோசு இருப்பதாகக் கொண்டால், உடல் முழுவதும் ஓடும் குருதியில் உள்ள குளுக்கோசின் மொத்த எடை வெறும் 5 கிராம். அதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. ஒரு தட்டுச் சோற்றிலிருந்து இதைப்போல் பல மடங்கு குளுக்கோசு குருதிக்குள் வந்து சேர்கிறது. மூளையும் தசைகளும் அதை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. வரவும் செலவும் இவ்வளவு பெரிதாகவும் கையிருப்பு இவ்வளவு சிறிதாகவும் இருப்பதால், இன்சுலின் சரியாக வேலை செய்யாதவரின் சர்க்கரை அளவு அரை மணி நேரத்திலேயே பெரிதும் மாறிவிடக்கூடும்.

மருத்துவ முகாமில் காலை 9 மணிக்கு எடுக்கும் ஒரு சோதனை அந்த 9 மணி நிலையை மட்டுமே சொல்லும். எச்பிஏ1சி எனப்படும் சோதனை ஏறத்தாழ மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும். சராசரிக்குள் ஏற்றமும் இறக்கமும் மறைந்துவிடும். ஒரு மாணவர் ஒரு தேர்வில் 90 மதிப்பெண்ணும் இன்னொன்றில் 10 மதிப்பெண்ணும் எடுத்தால் சராசரி 50. இரண்டிலும் 50 எடுத்த மாணவருக்கும் அதே சராசரிதான். ஆனால் இருவரின் நிலையும் ஒன்றன்று. ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கும் உணரி ஒரு நாளில் 288 அளவுகளைத் தருகிறது. அவற்றைக் கோடாக வரைந்தால், சர்க்கரை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, எவ்வளவு வேகமாக இறங்கியது என்பன கண்ணுக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் இதன் தேவை

கும்மிடிப்பூண்டி, சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை அடுத்து, சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. சென்னைப் புறநகர் மின்தொடர் வண்டிகள் இதுவரை வந்து செல்கின்றன. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புறங்களிலும் இரும்பு உருக்கு ஆலைகள், கம்பி உருட்டாலைகள், வார்ப்படச் சாலைகள், ஈய மறுசுழற்சித் தொழிற்சாலைகள் முதலியன உள்ளன. இதே வட்டத்திலுள்ள தேர்வாய்க்கண்டிகை சிப்காட்டில் டயர் தொழிற்சாலை இயங்குகிறது. உலைகளை நினைத்தபோது அணைத்து ஏற்ற முடியாது என்பதால் இவற்றில் பலவும் இரவு பகலாக ஷிப்ட் முறையில் இயங்குபவை.

ஷிப்ட் வேலையும் நீரிழிவும் ஒத்துப்போவதில்லை. உடலின் உள் கடிகாரம் இரவில் உறங்குவதற்கும் பகலில் உண்பதற்கும் அமைந்தது. இரவு ஷிப்டில் உணவு நேரம் தலைகீழாகிறது. அடுத்த வாரம் ஷிப்ட் மாறும்போது மாத்திரை நேரமும் மாற வேண்டும், பலரும் மாற்றுவதில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளாமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு உணவைத் தவறவிட்டால் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடும். கடும் உடலுழைப்பு அதை மேலும் இறக்கும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, உலை வெக்கையில் தோலின் குருதியோட்டம் கூடுவதால், ஊசி மருந்து வழக்கத்தைவிட விரைவாகக் குருதியில் கலக்கும்.

இதன் விளைவை எண்ணிப் பார்க்கலாம். அதிகாலை 3 மணிக்குப் பாரந்தூக்கியை இயக்கும் ஒருவருக்குச் சர்க்கரை 50க்கு இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும், முடிவெடுக்கும் திறன் குறையும். உலையருகே எல்லோருக்கும் வியர்ப்பதால் அந்த வியர்வையை அவரோ உடன் வேலை செய்பவரோ அடையாளம் காண்பது அரிது. மறுநாள் காலை வீட்டுக்குச் சென்று உணவு உண்டபின் சோதித்தால் 180 என்று காட்டும். அதைக் கண்டு மாத்திரை அளவு கூட்டப்பட்டால், அடுத்த இரவின் ஆபத்து இன்னும் பெரிதாகும். இத்தகைய இடத்தில் தொடர் உணரியின் பயன், எண்ணைத் துல்லியமாகச் சொல்வதைவிட, யாரும் பார்க்காத 3 மணியைப் பதிவு செய்வதில்தான் உள்ளது.

அமைப்பும் செயல்பாடும்

எந்த உயிரி உணரிக்கும் மூன்று உறுப்புகள் உண்டு.

1. இனங்காணும் உறுப்பு: தேடப்படும் மூலக்கூறை மட்டும் அடையாளம் காணும் நொதி, எதிர்ப்பொருள் அல்லது டி.என்.ஏ. இழை போன்ற உயிரிப்பொருள்.
2. மாற்றி: அந்த இனங்காணலை மின்னோட்டமாகவோ ஒளியாகவோ மாற்றும் பகுதி.
3. குறிப்பலைப் பகுதி: கிடைத்த மின்னோட்டத்தைப் பெருக்கி, எண்ணாக மாற்றி, கைப்பேசிக்கு அனுப்பும் மின்னணுச் சுற்று.

குளுக்கோசு உணரியில் இனங்காணும் உறுப்பாக இருப்பது குளுக்கோசு ஆக்சிடேசு என்னும் நொதி. பூஞ்சையிலிருந்து பெறப்படும் இந்த நொதி, குருதியிலுள்ள ஆயிரக்கணக்கான பொருள்களுக்கிடையே குளுக்கோசைத் தேர்ந்தெடுத்து ஆக்சிசனுடன் வினைபுரியச் செய்கிறது. வினையில் குளுக்கோனோலாக்டோனும் ஐதரசன் பெராக்சைடும் உருவாகின்றன. பெராக்சைடு மூலக்கூறு பிளாட்டினம் மின்முனையைத் தொடும்போது அங்கே இரண்டு எலக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது. குளுக்கோசு மிகுந்தால் பெராக்சைடு மிகும். பெராக்சைடு மிகுந்தால் மின்னோட்டம் மிகும். இந்த மின்னோட்டம் நானோ ஆம்பியர் அளவிலானது. அதாவது ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் சில பங்கு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தோலுக்கடியில் குளுக்கோசு மிகுதியாகவும் ஆக்சிசன் குறைவாகவும் இருக்கும். ஆக்சிசன் தீர்ந்துவிட்டால், குளுக்கோசு கூடினாலும் மின்னோட்டம் கூடாது. இதற்கு இருவகைத் தீர்வுகள் காணப்பட்டன. ஒன்று, குளுக்கோசை மட்டுப்படுத்தி ஆக்சிசனைத் தாராளமாக விடும் மெல்லிய சவ்வை மின்முனையின்மேல் பூசுவது. மற்றொன்று, ஆக்சிசனுக்குப் பதிலாக எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் இடையீட்டுப் பொருளைப் பயன்படுத்துவது. ஆசுமியம் சேர்மத்தாலான இத்தகைய கம்பியமைப்பை வேதியியலாளர் ஆடம் ஹெல்லர் குழுவினர் உருவாக்கினர். இன்று சந்தையிலுள்ள உணரிகள் இவ்விரு வழிகளில் ஏதேனும் ஒன்றைப் பின்பற்றுகின்றன. மூன்றாவது வகையான எவர்சென்சு உணரியில் நொதியே கிடையாது. தோலுக்கடியில் சிறு அறுவையால் பதிக்கப்படும் அது, குளுக்கோசு பிணையும்போது ஒளிரும் வேதிப்பொருளைக் கொண்டு அளக்கிறது.

வரலாறு

உயிரி உணரியின் தந்தை எனப் போற்றப்படுபவர் அமெரிக்க அறிவியலாளர் லேலண்டு கிளார்க். இவர் 1956ஆம் ஆண்டில் குருதியின் ஆக்சிசனை அளக்கும் மின்முனையை வெளியிட்டார். 1962இல் கிளார்க்கும் லயன்சும் இணைந்து எழுதிய கட்டுரையில், அந்த மின்முனையின்மேல் குளுக்கோசு ஆக்சிடேசை ஒரு சவ்வால் பிடித்துவைத்தால் குளுக்கோசையும் அளக்கலாம் என்று கூறினர். இதய அறுவை மருத்துவத்தின்போது நோயாளியின் குருதியைத் தொடர்ந்து கண்காணிப்பது பற்றியது அக்கட்டுரை. ஆக, தொடர் கண்காணிப்பு என்பது இத்துறையில் பின்னர் வந்து சேர்ந்த எண்ணமன்று, தொடக்கமே அதுதான். 1967இல் அப்டைக்கும் இக்சும் நொதியைக் கூழ்மத்தில் நிலைநிறுத்திய மின்முனையை வெளியிட்டனர். 1982இல் சப்பானின் சிச்சிரி குழுவினர் தோலடியில் செருகும் ஊசி வடிவ உணரியை அறிமுகப்படுத்தினர்.

மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது 1999இல். அவ்வாண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மினிமெட் கருவி மூன்று நாட்கள் அளக்கும். ஆனால் அளவுகளை அணிந்தவர் பார்க்க முடியாது. பின்னர் மருத்துவர் அவற்றைக் கணினியில் இறக்கிப் படிப்பார். 2006இல் டெக்சுகாம் நிறுவனத்தின் உடனுக்குடன் அளவு காட்டும் கருவி ஒப்புதல் பெற்றது. 2014இல் ஐரோப்பாவில் அறிமுகமான ஃபிரீசுடைல் லிப்ரே, 14 நாட்கள் அணியக்கூடியதாகவும், தொழிற்சாலையிலேயே அளவுதிருத்தம் செய்யப்பட்டு வருவதால் நாள்தோறும் விரல் குத்திச் சரிபார்க்கத் தேவையற்றதாகவும் இருந்தது. 2016இல், உணரியின் அளவைக் கொண்டு இன்சுலின் பம்பு தானே அடிப்படை இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் முதல் கலப்பு மூடுசுற்றுக் கருவிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

நீரிழிவு மருத்துவத்தில் வடசென்னைக்குத் தனி இடம் உண்டு. பேராசிரியர் மு. விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பிரிவுகளுள் இதுவே முதலாவதாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் மின்வேதியியல் ஆய்வுக்கான அடித்தளமும் பழையது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953இல் திறக்கப்பட்டது. அதன் ஆய்வுத் துறைகளுள் மின்வேதி உணரிகளும் அடங்கும்.

அளக்கப்படுவது குருதி அன்று

பெயரில் குருதி என்று இருந்தாலும், கையில் ஒட்டும் உணரியின் மெல்லிய இழை குருதிக்குழாய்க்குள் நுழைவதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கிடையே உள்ள திசுநீரில்தான் அது நிற்கிறது. குருதிக்குழாயில் நாட்கணக்கில் எதையும் வைத்திருந்தால் குருதி உறையும், நோய்த்தொற்றும் ஏற்படலாம். ஆகவே திசுநீரே பாதுகாப்பான இடம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. குளுக்கோசு நுண்குழாய்ச் சுவரைக் கடந்து திசுநீருக்கு வந்து சேர ஏறத்தாழ 5 முதல் 10 நிமிடங்கள் ஆகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தாருக்கு இதை விளக்குவது எளிது. கண்டலேறு அணையில் மதகு திறந்த உடனே பூண்டி ஏரியில் நீர்மட்டம் உயர்வதில்லை. கிருட்டிணா நீர் 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையை அடைந்து, பின்னர் 25 கிலோமீட்டர் கடந்து பூண்டிக்கு வர நாட்கள் ஆகும். அங்கே மதகை மூடினாலும், இங்கே சிறிது காலம் நீர் வந்துகொண்டிருக்கும். பூண்டியின் அளவுகோல் பொய் சொல்வதில்லை. சற்று முந்தைய செய்தியைச் சொல்கிறது.

சர்க்கரை நிலையாக இருக்கும்போது இந்தக் கால இடைவெளி பொருட்டன்று. வேகமாக இறங்கும்போதுதான் பொருட்டாகும். நிமிடத்துக்கு 2 மில்லிகிராம் வீதம் இறங்கிக்கொண்டிருக்க, இடைவெளி 10 நிமிடம் எனக் கொண்டால், உணரி 85 காட்டும்போது குருதியில் 65தான் இருக்கும். இதனால்தான் கருவிகள் எண்ணுடன் அம்புக்குறியையும் காட்டுகின்றன. கீழ்நோக்கிய அம்புடன் வரும் 85ஐ, நேரான அம்புடன் வரும் 85 போலப் படிக்கக் கூடாது.

வரைபடத்தைப் படிக்கும் முறை

பதினான்கு நாட்களின் அளவுகளை ஒரே 24 மணி நேரக் கட்டத்தின்மேல் அடுக்கி வரையும் முறையை 1987இல் மாசே குழுவினர் அறிமுகப்படுத்தினர். எல்லா நாட்களிலும் அதிகாலை 3 மணிக்குக் கோடு பள்ளம் விழுகிறது என்றால் அது தற்செயல் அன்று. மாத்திரையோ உணவு நேரமோ மாற வேண்டும் என்பதற்கான சான்று.

2019இல் பன்னாட்டு வல்லுநர் குழு வெளியிட்ட பரிந்துரையின்படி, பெரும்பாலான நீரிழிவாளர்களுக்கான இலக்குகள் பின்வருமாறு:

- டெசிலிட்டருக்கு 70 முதல் 180 மில்லிகிராமுக்குள் இருக்கும் நேரம்: 70 விழுக்காட்டுக்கு மேல்
- 70க்குக் கீழ் இருக்கும் நேரம்: 4 விழுக்காட்டுக்குக் குறைவு
- 54க்குக் கீழ் இருக்கும் நேரம்: 1 விழுக்காட்டுக்குக் குறைவு

ஒரு நாளின் 4 விழுக்காடு என்பது ஏறத்தாழ 58 நிமிடங்கள். 1 விழுக்காடு என்பது ஏறத்தாழ 14 நிமிடங்கள். முதியோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இலக்குகள் வேறு. ஷிப்ட் தொழிலாளி ஒருவரின் வரைபடத்தைப் பகல் ஷிப்ட் வாரத்துக்கும் இரவு ஷிப்ட் வாரத்துக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டின் உண்மையும் மறைந்துவிடும். உணவு, மாத்திரை, ஷிப்ட் நேரங்களை ஒரு தாளில் குறித்து வைத்தால்தான் மருத்துவருக்கு வரைபடம் பொருள்படும்.

எங்கே தவறும்

உணரியின் சராசரிப் பிழை, இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றில் 8 முதல் 10 விழுக்காடு என்ற அளவில் உள்ளது. இது சராசரியே, ஒரு தனி அளவு இதைவிடக் கூடுதலாகவும் பிழைபடலாம். பிழைக்கான பொதுவான காரணங்கள் சில:

- ஒட்டிய முதல் நாளில், இழை நுழைந்த இடத்துத் திசு ஆறிவரும்வரை அளவுகள் ஏறியிறங்கும்.
- உணரி உள்ள கையின்மீது சாய்ந்து உறங்கினால் அங்கே திசுநீர் ஓட்டம் குறைந்து, சர்க்கரை தாழ்ந்துவிட்டதாகப் பொய்யாகக் காட்டும்.
- சில கருவிகளில் பாராசிட்டமாலும், சிலவற்றில் மிகுந்த அளவு உயிர்ச்சத்து சியும் மின்முனையில் வினைபுரிந்து அளவை உயர்த்திக் காட்டும்.
- வியர்வையால் ஒட்டு பிரியும். உலைப் பகுதிகளில் வேலை செய்வோருக்கு இது பெருந்தொல்லை.

அளவும் உடல் உணர்வும் முரண்பட்டால், விரல் நுனிக் குருதியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் கையைக் கழுவுவது தேவை. மாம்பழம் தின்ற விரலைத் துடைக்காமல் குத்தினால், பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து கணக்கில் வரும்.

தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் இணையத்தில் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. இத்தகைய எந்தக் கருவிக்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அவை காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்வது உயிருக்கே ஆபத்தாகும்.

குளுக்கோசைத் தாண்டி

குளுக்கோசுக்கு முடிந்தது பிற மூலக்கூறுகளுக்கு ஏன் இன்னும் முழுமையாக முடியவில்லை என்பது நியாயமான கேள்வி. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, செறிவு. குளுக்கோசு குருதியில் ஏராளமாக உள்ளது. மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் புரதமோ குளுக்கோசைவிட நூறு கோடி மடங்குக்கும் மேல் அரிதானது.

இரண்டாவது, நொதி. குளுக்கோசை எரிக்கும் நொதி இயற்கையிலேயே கிடைத்தது. லாக்டேட்டுக்கும் அத்தகைய நொதி உண்டு. பெரும்பாலான மருந்துகளுக்கும் புரதங்களுக்கும் இல்லை. அவற்றை இனங்காண எதிர்ப்பொருள் பயன்படும். ஆனால் அது பிடித்த மூலக்கூறை எளிதில் விடாது. தராசுத் தட்டில் வைத்த பொருளை எடுத்தால்தான் அடுத்ததை நிறுக்க முடியும். தட்டிலேயே ஒட்டிக்கொண்டால் ஒரே ஒரு முறைதான் நிறுக்கலாம். தொடர் கண்காணிப்புக்குப் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்.

மூன்றாவது, படிவு. உடலுக்குள் வைத்த எந்தப் பொருளின்மீதும் புரதங்களும் செல்களும் படிந்து மூடத் தொடங்கும். அதனால் உணர்திறன் நாளுக்கு நாள் குறையும்.

இரண்டாம் சிக்கலுக்கு விடையாக வந்தவை ஆப்டமர்கள். இவை தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழைகள். ஒரு முனை தங்க மின்முனையில் ஒட்டியிருக்கும். மறுமுனையில் எலக்ட்ரானைத் தரக்கூடிய சாய மூலக்கூறு இருக்கும். தேடும் மூலக்கூறு வந்து அமர்ந்ததும் இழை மடிந்து, சாயம் மின்முனையை நெருங்கி மின்னோட்டம் மாறும். மூலக்கூறு விலகினால் இழை மீண்டும் விரியும். கலிபோர்னியாவில் கெவின் பிளாக்சுகோ, டாம் சோ ஆகியோரின் குழுக்கள் இம்முறையை வளர்த்தன. 2013இல் உயிருள்ள எலிகளின் குருதியில் டாக்சோரூபிசின், கனமைசின் ஆகிய மருந்துகளின் அளவு தொடர்ந்து அளக்கப்பட்டது. 2019இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், தன்னார்வலர்களின் தோலில் நுண்ணூசி ஒட்டினைப் பொருத்திப் பெனிசிலின் அளவைத் தொடர்ந்து அளந்த ஆய்வை வெளியிட்டனர். 2022இல் சான் டியகோவில் சோசப் வாங் குழுவினர் குளுக்கோசுடன் லாக்டேட்டையோ ஆல்ககாலையோ ஒரே ஒட்டில் அளந்து காட்டினர்.

இவற்றால் கிடைக்கவுள்ள நன்மை பெரிது. சில நோய்க்கொல்லி மருந்துகள் குறைந்தால் நோய் தீராது. கூடினால் சிறுநீரகமும் செவியும் பழுதாகும். தீவிர மருத்துவப் பிரிவில் மருந்தின் அளவை நிமிடந்தோறும் பார்த்துச் செலுத்த முடிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் தொடர் உணரி தேவையில்லை

கும்மிடிப்பூண்டி போன்ற இடத்தில், ஈயத்துக்கும் இத்தகைய உணரி இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றலாம். ஈயம் உடலுக்குள் சென்றால் குருதி நிறமி உருவாவதைத் தடுக்கும். நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வேலை உடையில் வீட்டுக்குப் போகும் ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆயினும் குருதியில் ஈயத்தின் அளவு நிமிடங்களில் மாறுவதன்று. அது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எனவே சில மாதங்களுக்கு ஒருமுறை முறையாகச் சிரைக்குருதி எடுத்துச் சோதிப்பதே போதுமானது. இங்கே குறைபாடு கருவியில் இல்லை. சோதனை தவறாமல் நடக்கிறதா, முடிவு தொழிலாளியின் கைக்கு வருகிறதா என்பதில்தான் உள்ளது.

கார்பன் மோனாக்சைடின் நிலை வேறு. எரிபொருள் முழுதும் எரியாத உலையருகே இந்த மணமற்ற வளி சேரலாம். இது ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். கோவிட் காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான விரல்கவ்விக் கருவியான பல்சு ஆக்சிமீட்டர் இதைக் கண்டுபிடிக்காது. கார்பன் மோனாக்சைடு ஏறிய குருதியும் சிவப்பாகவே இருப்பதால், அது 98 என்று காட்டும், நோயாளியோ மயங்கிக்கொண்டிருப்பார். இதற்குப் பல அலைநீள ஒளியைப் பயன்படுத்தும் தனிக் கருவியோ குருதி வளிச் சோதனையோ வேண்டும். 1974இல் சப்பானியர் தாக்குவோ அவோயாகி கண்ட நெறிமுறையில் இயங்கும் பல்சு ஆக்சிமீட்டர் தொடர்ந்து அளக்கும் கருவிதான். ஆனால் அதில் உயிரிப்பொருள் எதுவும் இல்லாததால், கண்டிப்பான பொருளில் அது உயிரி உணரி அன்று.

சுருங்கச் சொன்னால், ஒரு மூலக்கூறு எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும். நிமிடங்களில் மாறும் குளுக்கோசுக்கும் லாக்டேட்டுக்கும் தொடர் உணரி பொருந்தும். மாதங்களில் மாறும் ஈயத்துக்கும் எச்பிஏ1சிக்கும் ஆய்வகம் போதும்.

விலையும் உரிமையும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி, 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. பதினான்கு நாள் உணரி ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். ஆண்டு முழுவதும் அணிய 26 உணரிகள் வேண்டும். கூலித் தொழிலாளியால் இதைத் தாங்க முடியாது.

ஆனால் எல்லோரும் எப்போதும் அணிய வேண்டியதில்லை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும், இன்சுலின் பலமுறை போட்டுக்கொள்பவர்களுக்கும், அடிக்கடி சர்க்கரை தாழ்பவர்களுக்கும் நிலையான பயன் உண்டு. மற்றவர்களுக்கு மருத்துவரின் மேற்பார்வையில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, குறிப்பாக இரவு ஷிப்ட் வாரத்தில், ஓர் உணரி அணிந்தாலே மாத்திரையைத் திருத்தப் போதிய செய்தி கிடைக்கும். 2008இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், உணரியைப் பெரும்பாலான நாட்களில் அணிந்திருந்த பெரியவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. குறைவாக அணிந்த இளைஞர்களுக்கு அவ்வளவு பயன் கிட்டவில்லை. கருவி நோயைத் தீர்ப்பதில்லை. அது காட்டுவதைப் பார்த்து எடுக்கும் முடிவுதான் பயன் தருகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, குருதி அழுத்தம் ஆகியவற்றுக்கான சோதனையும் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. 2024இல் இது தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்ற பெயரில் தொழிற்கூடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2022 சனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்துக்குள்ளேயே சிறப்பு மருத்துவம் கிடைக்க வழிசெய்துள்ளது. யாருக்கு நீரிழிவு உள்ளது என்பதை முகாம்கள் கண்டுபிடிக்கின்றன. இரவில் என்ன நடக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது அடுத்த படி.

அந்தப் படியில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. உணரியின் அளவுகள் கைப்பேசி வழியே நிறுவனங்களின் கணினிகளுக்குச் செல்கின்றன. அவற்றை யார் பார்க்கலாம்? இரவில் சர்க்கரை தாழ்கிறது என்பது தெரிந்தால், மேற்பார்வையாளர் தன்னைப் பாதுகாப்பான வேலைக்கு மாற்றுவாரா, வேலையை விட்டே நிறுத்துவாரா என்ற அச்சம் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இருப்பது இயல்பு. அந்த அச்சம் இருக்கும்வரை அவர் நோயை மறைப்பார். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்கு உரியவரின் ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டது. அளவுகள் தொழிலாளிக்கும் அவருடைய மருத்துவருக்கும் உரியவை. பிறர் பார்ப்பதற்கு அவர் மனமுவந்து இசைய வேண்டும்.

தாழ் சர்க்கரைக்கு முதலுதவி

உணரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீரிழிவு உள்ளவரோடு வேலை செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை இவை. நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, குழறல், காரணமற்ற எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். வேலையை நிறுத்தி, இயந்திரத்திலிருந்து விலகி உட்கார வைக்க வேண்டும். ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று தேக்கரண்டியை, நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் 70க்குக் கீழே இருந்தால் மீண்டும் கொடுக்க வேண்டும். பின்னர் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

கிளார்க் 1962இல் அறுவை அரங்கில் இருந்த நோயாளிக்காக எண்ணியது இன்று ஒரு வில்லையாகி, கையில் ஒட்டிக்கொண்டு உலைக்கூடம் வரை வரக்கூடியதாகிவிட்டது. சட்டைப்பையில் ஒரு பொட்டலம் சர்க்கரையும், அதை எப்போது கொடுக்க வேண்டும் என்று அறிந்த ஒரு தோழரும் உடனிருந்தால்தான் அந்த வில்லையின் எச்சரிக்கை ஓர் உயிரைக் காக்கும்.